ஆசிய பி.எல். தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்து, ஜப்பான், கொரியா, தைவான், சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரும், இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் தொடர்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களின் தொகுப்பு இது. சோக முடிவுகளைச் சொல்லும் 15ஆம் கேள்வியில் முதலிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

1. பி.எல். பி.எல்.னு சொல்றாங்களே, அது என்ன? எங்கேருந்து வந்தது?

'பாய்ஸ் லவ்' என்பதன் சுருக்கம். 1970களில் ஜப்பானில் பெண் வாசகர்களுக்காகப் பெண்களே வரைந்த மாங்கா படக்கதைகளில் இதன் வேர் இருக்கிறது. கெய்கோ தகேமியா, மோட்டோ ஹாகியோ ஆகியோர் அந்த வரிசையின் முன்னோடிகள். ரசிகர்கள் கைப்பட அச்சிட்டுப் பரப்பிய கதைகளுக்கு 'யாவோய்' என்று பெயர் வந்தது. தாய்லாந்தில் அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'வாய் சீரிஸ்' என்கிறார்கள். சீனாவில் இணைய நாவலாக வளர்ந்த இதே வகைக்கு 'டான்மெய்' என்று பெயர்.

தொலைக்காட்சியில் இது ஒரு தொழிலாக நிலைபெற்றது தாய்லாந்தில். 2014இல் 'லவ் சிக்', 2016இல் 'சோட்டஸ்', 2020 ஊரடங்கு நேரத்தில் 'டுகெதர்' என்று படிப்படியாக ஏறி, 'டுகெதர்' வந்தபோது நாட்டு எல்லை தாண்டிப் போய்விட்டது. அதே 2020இன் கடைசியில் ஜப்பானின் 'செர்ரி மேஜிக்' வந்தது. இன்றைக்குப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றின் வழியாக உள்ளே வந்தவர்கள்.

இரண்டு ஆண்கள் காதலித்தாலே அது பி.எல். ஆகிவிடாது. ஜப்பானின் 'வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே?' நடுவயது ஆண் ஜோடியின் குடும்ப வாழ்க்கைதான். ஆனால் ஃபுமி யோஷினாகாவின் அந்த மூலக்கதை ஆண்களுக்கான வார இதழில் வந்தது, காதல் கைகூடுமா என்ற கேள்வியே அதில் இல்லை. கறாராகப் பார்ப்பவர்கள் அதைச் சேர்க்க மாட்டார்கள். இந்தத் தொகுப்பில் சேர்த்திருக்கிறது, ஏனென்றால் பி.எல். பார்த்தவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது அதுதான்.

2. புதுசா பாக்கறவங்க எதுல ஆரம்பிக்கணும்?

நேரம் குறைவு என்றால் ஜப்பானின் 'செர்ரி மேஜிக்'. 12 எபிசோடு, ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்குள், மொத்தம் 5 மணி நேரம் கூட ஆகாது. முப்பது வயது வரை காதல் அனுபவமே இல்லாத அடாச்சிக்கு, தொட்டவர்களின் மனதைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் கொண்டாடும் குரோசாவாவைத் தற்செயலாகத் தொட்டுவிட, அவன் மனம் முழுக்கத் தன் நினைப்புதான் என்று தெரிகிறது. இந்த வகையின் வழக்கங்கள் எதுவும் தெரியாமலே ரசிக்கலாம்.

அடுத்து தாய்லாந்தின் 'பேட் படி' (12 எபிசோடு, சுமார் 10 மணி நேரம்). பக்கத்துப் பக்கத்து வீடு, தலைமுறைப் பகை, இரண்டு மகன்கள் என்று நமக்கு நன்றாகப் பழகிய கதைக்களம். கொரியாவுக்கு 'செமான்டிக் எரர்' (8 எபிசோடு). குழுவாகச் செய்ய வேண்டிய கல்லூரிப் பணியில் ஒரு வேலையும் செய்யாதவர்களின் பெயரை எடுத்துவிடுகிறான் கணினித் துறை மாணவன் சாங்வூ. அதனால் பட்டம் தள்ளிப்போன டிசைன் துறை சீனியர் ஜேயோங் அவனைத் தேடிக்கொண்டு வருகிறான். தொடக்கம் இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்த தொடர் இந்த வகையில் குறைவு.

'கின்போர்ஷ்', 'அன்டில் வி மீட் அகெய்ன்', 'தி அன்டேம்ட்' மூன்றையும் முதலில் தொட வேண்டாம். மோசமானவை என்பதால் அல்ல. முதலாவதில் வன்முறையும் படுக்கையறைக் காட்சிகளும் அதிகம், இரண்டாவது ஒரு தற்கொலையுடன் தொடங்குகிறது, மூன்றாவது 50 எபிசோடு.

3. எங்க பாக்கறது? தமிழ் சப்டைட்டில் இருக்கா?

தாய்லாந்தின் ஜிஎம்எம்டிவி நிறுவனம் தன் தொடர்கள் பலவற்றை யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகப் போடுகிறது. ஒரு எபிசோடு நான்கு துண்டுகளாக இருக்கும். தலைப்பில் 1/4, 2/4 என்று எண் போட்டிருப்பார்கள். யூடியூப் தானாக அடுத்தது என்று வேறெதையாவது ஓட்டிவிடும் என்பதால், சேனலின் பிளேலிஸ்டைத் திறந்து வரிசையாகப் பாருங்கள். கொரிய, ஜப்பானியத் தொடர்களுக்கு ராகுடென் விக்கி, தைவான் தொடர்களுக்கு அந்த நாட்டிலிருந்தே நடக்கும் காகாஊலாலா, இவை தவிர நெட்ஃபிளிக்ஸ், ஐச்சியி (iQIYI). உரிமம் நாட்டுக்கு நாடு மாறும், காலாவதியும் ஆகும். ஆகவே ஒரு தளத்தில் இல்லையென்றால் மற்றதில் தேடுங்கள்.

தமிழ் சப்டைட்டிலுக்குக் கணினியில் யூடியூபின் பற்சக்கரக் குறியை அழுத்தி, சப்டைட்டில், தானியங்கி மொழிபெயர்ப்பு, தமிழ் என்று போனால் கிடைக்கும். கதை புரியும், உறவு புரியாது. தாய்லாந்து மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் பால் குழம்பும். அதைவிட மோசம், ஆங்கிலம் வழியாக வரும்போது எல்லோரும் எல்லோரையும் 'நீங்கள்' என்பார்கள். 'டேய்' போட்டு அடித்துக்கொள்ளும் இரண்டு பேர் திடீரென்று மரியாதையாகப் பேசத் தொடங்குவதுதான் பல தொடர்களில் காதல் தொடங்கிவிட்டதற்கான அடையாளம். அது முழுக்கக் காணாமல் போய்விடும். கொஞ்சமாவது ஆங்கிலம் படிக்க முடியுமென்றால் ஆங்கிலத்திலேயே பாருங்கள்.

திருட்டுப் பதிவுகளைத் தவிர்க்க ஒழுக்கம் மட்டும் காரணமல்ல. காப்புரிமைச் சோதனைக்குத் தப்புவதற்காகப் படத்தை இடவலமாகப் புரட்டி, ஓரத்தை வெட்டி, குரலைச் சற்றே மாற்றிப் போடுகிறார்கள். பாட்டு வரும் காட்சிகளையே சிலர் தூக்கிவிடுகிறார்கள். தாய்லாந்துத் தொடர்களில் முக்கியமான விஷயங்கள் நடப்பதே பாட்டின்போதுதான்.

4. காதலனைப் போய் 'அண்ணா'ன்னு கூப்பிடுறாங்களே, ஒரு மாதிரி இருக்கே?

தாய்லாந்து மொழியின் 'பி' மூத்தவர் எவருக்கும் பொது. அண்ணன், அக்கா, சீனியர், கடைக்காரர், காதலன், கணவன் எல்லோருக்கும் ஒரே சொல். வீட்டில் 'மாமா', 'அத்தான்' என்று கூப்பிடும் நம் வழக்கத்துக்குத்தான் அது நெருக்கம். கொரியாவில் ஆண் தன்னைவிட மூத்த ஆணைக் கூப்பிடும் 'ஹ்யோங்' கூட அப்படித்தான். ஓர் இளையவன் 'ஹ்யோங்' சொல்ல மறுத்துக்கொண்டே இருந்தால் கவனியுங்கள், அவன் அதை முதன்முறை சொல்லும் எபிசோடு முக்கியமானதாக இருக்கும்.

5. ஏன் எல்லாக் கதையும் இன்ஜினியரிங் காலேஜ்லயே நடக்குது?

'சோட்டஸ்' போட்ட பாதை. தாய்லாந்துக் கல்லூரிகளில் சீனியர்கள் ஜூனியர்களைப் பழக்கும் முறையின் பெயர்தான் அது. மூப்பு, ஒழுங்கு, மரபு, ஒற்றுமை, உணர்வு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். கத்தி மிரட்டும் சீனியர் ஆர்த்தித், எதிர்த்துப் பேசும் முதலாண்டு மாணவன் கொங்போப். பொறியியல் மாணவர்களுக்குத் தரும் பல்சக்கரப் பதக்கத்தை ஒருவருக்குக் கொடுத்தால் இதயத்தைக் கொடுத்ததாக அர்த்தம் என்ற வழக்கத்தைப் பரப்பியதும் அந்தத் தொடர்தான். அது ஓடியதும் எல்லோரும் அதே சட்டை, அதே மைதானம், அதே சக்கரம் என்று எடுத்தார்கள். மூலம் பெரும்பாலும் இணையத்தில் மாணவிகள் எழுதிய நாவல்கள் என்பதால் அவர்களுக்குத் தெரிந்த கல்லூரியே களமானது.

அலுத்துவிட்டால் இவற்றுக்குப் போங்கள். 'மூன்லைட் சிக்கன்' பட்டாயாவில் இரவு நேரக் கோழிச்சோற்றுக் கடை நடத்தும் ஜிம்மைப் பற்றியது. அவன் அக்கா மகன் லிமிங்கும் காது கேளாத ஹார்ட்டும் சைகை மொழியில் நெருங்கும் கிளைக்கதை, முக்கியக் கதைக்குச் சமமாக நிற்கிறது. 'எ டேல் ஆஃப் தௌசண்ட் ஸ்டார்ஸ்' வடக்கு மலைக் கிராமத்தில் நடக்கிறது. மாற்று இதயம் பெற்ற பணக்காரப் பையன் டியன், அந்த இதயத்துக்கு உரியவளாக இருந்த பெண் பாடம் நடத்திய ஊருக்கே ஆசிரியராகப் போகிறான். இரண்டையும் இயக்கியவர் நோப்பர்னாச் சைவிமோல். 'பேட் படி'யும் அவருடையதுதான்.

6. ஜப்பான்ல 24 நிமிஷம், கொரியாவுல 20 நிமிஷம், தாய்லாந்துல 50 நிமிஷம். ஏன் இப்படி?

யார் காசு போடுகிறார்கள், எங்கே ஒளிபரப்பாகிறது என்பதுதான் காரணம். கதையின் குணமே அதில்தான் தீர்மானமாகிறது. ஜப்பானில் பெரும்பாலும் இரவு நேர அரைமணி இடம். பட்ஜெட் சிறியது, ஆனால் அனுபவமுள்ள நடிகர்கள் கிடைப்பார்கள், மூலம் மாங்காவாக இருப்பதால் திரைக்கதை கட்டுக்கோப்பாக இருக்கும். உடல் நெருக்கத்தில் மட்டும் கூச்சம். 'செர்ரி மேஜிக்'கின் கடைசிக் காட்சியில் லிஃப்டில் இருவரும் முத்தமிடப்போகும்போது கதவு மூடிக்கொள்ளும். 12 எபிசோடு காத்திருந்தவர்கள் அந்தக் கதவை இன்னும் மன்னிக்கவில்லை.

கொரியாவில் இவை பெரிய தொலைக்காட்சிகளுக்குப் போகாமல் இணையத் தொடர்களாக வளர்ந்தன. 2020இல் வந்த 'வேர் யுவர் ஐஸ் லிங்கர்' எபிசோடுக்குப் பத்து நிமிடம்தான். ஒளிப்பதிவு அழகாக இருக்கும், கதை மூச்சு வாங்கும். ஏழாவதில் பிரிவு, எட்டாவதில் சமாதானம் என்று கடைசி அரைமணியில் எல்லாவற்றையும் முடிப்பார்கள். 'தி எய்ட்த் சென்ஸ்' இதற்கு விலக்கு. பத்து எபிசோடில் மன அழுத்தம், சிகிச்சை, கடல் அலைச்சறுக்கு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

தாய்லாந்தில் 12 எபிசோடுக்கு விளம்பர ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள், கதை எட்டுக்குத்தான் வரும். அதனால் நடுவில் இரண்டாம், மூன்றாம் ஜோடிகளை நுழைப்பார்கள், பதினொன்றாவதில் வேண்டுமென்றே ஒரு பிரிவை வைப்பார்கள். 'பதினொன்றாம் எபிசோடு சாபம்' என்று ரசிகர்களே பெயர் வைத்துவிட்டார்கள். நேற்றுவரை மனம்விட்டுப் பேசியவர்கள் அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். 'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' அந்தச் சாபத்தைத் தாண்டியதற்குக் காரணமே அது ஐந்து எபிசோடோடு நின்றதுதான். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஃபூக்கெட் பழைய நகரத் தெருக்களில் சீன மொழிப் பாடம் படிக்கும் தேவும் ஓஏவும் ஒரு பார்வையைக்கூட வீணாக்குவதில்லை.

7. காதல் காட்சி நடுவுல திடீர்னு கிரீம் எடுத்துத் தடவுறாங்க. இது என்ன?

விளம்பரம். சோகமாகப் பேசிக்கொண்டிருப்பவன் பையிலிருந்து டியூபை எடுப்பான், பெயர் கேமராவைப் பார்த்திருக்கும், 'சீக்கிரம் ஆறிடும்' என்று ஒரு வசனம், பிறகு பழையபடி சோகம். தாய்த் தொடர்களின் செலவில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. 3ஆம் கேள்வியில் சொன்ன இலவச யூடியூபுக்கு நாம் கொடுக்கும் விலை இது. பத்து விநாடி தள்ளிவிட்டுப் போங்கள், கதையில் எதுவும் விடுபடாது.

8. 'தி அன்டேம்ட்'ல முத்தம்கூட இல்லையே? அது பி.எல்.தானா, நட்பா?

மூல நாவல் வெளிப்படையான காதல் கதை. தொடரில் அதைச் சொல்ல அனுமதி இல்லை. சீனத் தொலைக்காட்சித் துறையின் உள்ளடக்க விதிகள் தன்பாலீர்ப்பைக் காட்டத் தடை செய்கின்றன. 2016இல் 'அடிக்டட்' என்ற தொடரை 15 எபிசோடில் 12 வந்த நிலையிலேயே இணையத்திலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் 'உற்ற தோழன்' என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் வைத்தார்கள். 2019இன் 'தி அன்டேம்ட்', 2021இன் 'வேர்ட் ஆஃப் ஆனர்' இரண்டும் அந்த வழியின் உச்சம். 2021க்குப் பிறகு கெடுபிடி இறுகி, எடுத்து முடித்த தொடர்கள்கூடப் பெட்டிக்குள் கிடக்கின்றன.

சொல்லாமல் சொல்வது எப்படி என்பதற்கு நெற்றிப்பட்டையைப் பாருங்கள். லான் குலத்தினர் நெற்றியில் கட்டும் வெள்ளைப் பட்டையைப் பெற்றோர், மனைவி, மக்கள் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. குளிர்ந்த குகையில், அந்தக் குலத்தார் அல்லாதவரைத் தாக்கும் யாழிசையிலிருந்து காப்பாற்ற, நாயகர்களில் ஒருவனான லான் வாங்ஜி தன் பட்டையின் ஒரு முனையைத் தன் கையிலும் மறுமுனையை இன்னொரு நாயகன் வெய் வூஷியானின் கையிலும் கட்டுகிறான். வசனத்தில் எந்தக் காதலும் இல்லை. விதி தெரிந்தவனுக்கு அது கல்யாணக் காட்சி. தணிக்கை அதிகாரிக்கு ஒரு துணி. இந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் கொண்டாடவில்லை. ஆனாலும் அதற்குள் நின்று செய்த வேலை அசாத்தியமானது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. முதல் இரண்டு எபிசோடு ஒன்றும் புரியாது. இறந்தவன் 16 ஆண்டு கழித்துத் திரும்பி வருவதில் தொடங்கி, மூன்றாவதிலிருந்து பழைய கதைக்குப் போய், 33 வாக்கில்தான் நிகழ்காலத்துக்கு வரும். பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு ஐந்தாவது வரை பொறுங்கள், பிறகு முதல் இரண்டை மறுபடி பாருங்கள்.

9. வேணாம்னு சொல்றவனையே கட்டாயப்படுத்துறாங்க, அதைக் காதல்னு காட்டுறாங்க. இதை எப்படிப் பாக்கறது?

இந்த வகையின் மேல் உள்ள மிக நியாயமான குற்றச்சாட்டு இதுதான். 'தார்ன்டைப்' (2019) தொடக்க எபிசோடுகளில், சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவன் தூங்கும்போது அறைத்தோழன் அவனைத் தொடுகிறான், அவனே பிறகு காதலன் ஆகிறான். 'கின்போர்ஷ்' நான்காவது எபிசோடில் போதை மருந்து கொடுக்கப்பட்ட நிலையில் உறவு நடக்கிறது. மூல நாவல்களில் இருந்த பழைய வழக்கம், திரைக்கு வந்த பிறகும் கேள்வியின்றித் தொடர்ந்தது. 'அது கற்பனைதானே' என்ற பதில் எங்களுக்குப் போதாது. கற்பனையில் கதாசிரியர் அந்தச் செயலுக்கு என்ன விளைவு வைக்கிறார் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் எந்த விளைவும் வைப்பதில்லை.

எதிர்த்தரப்புக்கு ஒரு காட்சி. 'செர்ரி மேஜிக்'கில் அலுவலக விருந்தில் ராஜா விளையாட்டு நடக்கிறது. சீட்டு விழுந்த இருவர் முத்தமிட வேண்டும், அடாச்சியும் குரோசாவாவும் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றி எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஆசைப்பட்ட குரோசாவா, அடாச்சி நடுங்குவதைப் பார்த்துவிட்டு நெற்றியில் மட்டும் முத்தமிட்டு விலகுகிறான். மனதைப் படிக்கும் சக்தி அவனுக்கு இல்லை. கவனம் மட்டும்தான் இருந்தது.

10. "எனக்கு ஆம்பளைங்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்"னு ஒரு டயலாக் எல்லாத்துலயும் வருதே?

பெரிய காதல் என்று காட்டுவதற்காகப் போடுகிறார்கள். உள்ளே இருப்பது பயம். 'இவன் தன்பாலீர்ப்பாளன் இல்லை' என்று சொல்லிவிட்டால் நாயகனைப் பார்ப்பவர்கள் வெறுக்க மாட்டார்கள் என்ற கணக்கு. பழைய தொடர்களில் சாதாரணம், 2021க்குப் பிறகு வந்தவற்றில் குறைந்திருக்கிறது. இன்னொரு பழைய வழக்கம், ஜோடியில் ஒருவனை 'கணவன்', இன்னொருவனை 'மனைவி' என்று பிரிப்பது. தாய்லாந்தில் இருவருக்கும் 'ப்ரஎக்', 'நாயெக்' என்று தனிப் பெயர்களே உண்டு. உயரம், தோள் அகலம், யார் சமைப்பது எல்லாம் அதன்படி நடக்கும். ஒரு தொடர் இதை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், காய்ச்சல் வந்தவனுக்கு ஈரத்துணியால் துடைத்துவிடும் காட்சியைக் கவனியுங்கள். எல்லாத் தொடரிலும் அது வரும். எப்போதும் ஒருவனே படுத்துக் கிடந்தால் உடைக்கவில்லை.

11. பொண்ணுங்களை மட்டும் ஏன் வில்லியா காட்டுறாங்க?

பழைய தொடர்களில் பெண்ணுக்கு மூன்றே வேடம்: பொறாமை பிடித்த முன்னாள் காதலி, ஜோடி சேர்த்துவைத்துக் கூச்சலிடும் தோழி, மயங்கி விழும் அம்மா. பெண்கள் எழுதி, பெண்கள் பார்க்கும் வகையில் இப்படி இருப்பது வருத்தம்தான். 'பேட் படி'யில் தங்கை பா, தோழி இங்க் இருவரும் கதைக்குள் கதையாகத் தங்கள் காதலை நடத்துகிறார்கள். இரண்டு பெண்களே நாயகிகளாக வரும் தொடர்கள் தாய்லாந்தில் 2022இன் 'கேப்' மூலம் வலுவாகத் தொடங்கி, இப்போது தனி வரிசையாகவே வந்துகொண்டிருக்கின்றன.

12. அங்கெல்லாம் நிஜமாவே இவ்வளவு சுதந்திரமா இருக்காங்களா?

தொடரை வைத்து நாட்டை எடைபோட வேண்டாம். தைவான் 2019 மே 24 முதல் தன்பாலினத் திருமணத்தைப் பதிவு செய்கிறது, ஆசியாவில் அதுதான் முதல். தாய்லாந்தில் சட்டம் 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது 'சோட்டஸ்' முதல் 'மூன்லைட் சிக்கன்' வரை நாம் பார்த்த தாய்லாந்து ஜோடிகள் எவருக்கும் அப்போது சட்டப்படி திருமணம் செய்துகொள்ள வழியில்லை. ஆண்டுக்கு எத்தனையோ தொடர்களை எடுத்து உலகத்துக்கு விற்ற நாட்டில்தான் இது. அதை நேராகப் பேசிய தொடர் 'நாட் மீ'. திருமண உரிமைக்கான ஊர்வலத்தையும் நீண்ட வானவில் கொடியையும் கதைக்குள்ளேயே வைத்தது.

கொரியாவில் திருமண உரிமை இல்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் துணைக்கு மருத்துவக் காப்பீட்டுப் பலன் உண்டு என்றது. ஜப்பானில் நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை, டோக்கியோ 2022 நவம்பர் முதல் துணைவர் சான்றிதழ் தருகிறது. 'வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே?'யின் ஷிரோ வழக்கறிஞராக இருந்தும் அலுவலகத்தில் வாய் திறக்காமல் இருப்பது இந்தப் பின்னணியில்தான் புரியும்.

13. நடிக்கிற ரெண்டு பேரும் நிஜத்துலயும் லவ்வர்ஸா?

தாய்லாந்தில் நிறுவனங்கள் ஜோடியாகவே நடிகர்களை வளர்க்கின்றன. ஆஃப், கன் இருவரையும் 'தியரி ஆஃப் லவ்', 'நாட் மீ', 'குக்கிங் க்ரஷ்' என்று தொடர்ந்து சேர்ந்தே பார்க்கலாம். சேர்ந்து விளம்பரம், சேர்ந்து மேடை, கட்டணம் வாங்கி ரசிகர் சந்திப்பு. மேடையில் காட்டும் நெருக்கம் அந்த வேலையின் பகுதி. அதைத் தாண்டிய வாழ்க்கை அவர்களுடையது. அவர்களாகச் சொல்லாத எதையும் ஊகிக்காதீர்கள். நடிகரின் காதலியைத் தேடிப்பிடித்துத் திட்டுவதும், இன்னொருவரோடு நடித்தால் துரோகம் என்பதும் இந்த ரசிகர் வட்டத்தின் அசிங்கமான பக்கம்.

பார்ப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. ஜோடியை நம்பித் தொடரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவீர்கள். அதே இருவர், வேறு திரைக்கதை என்றால் வேறு தரம். இயக்குநர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நம்பகமானது.

14. வீட்ல எல்லாரும் இருக்கும்போது பாக்கலாமா?

'செர்ரி மேஜிக்', 'மை ஸ்கூல் பிரெசிடென்ட்', ஜப்பானின் 'மை லவ் மிக்ஸ்-அப்!', 'வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே?' எல்லாம் தாராளமாக. 'பேட் படி'யில் முத்தங்கள் உண்டு. 'கின்போர்ஷ்', 'தார்ன்டைப்' தனியாக, பெரியவர்கள் மட்டும். தலைப்பில் 'அன்கட்' என்றிருந்தால் தொலைக்காட்சியில் வெட்டிய படுக்கையறைக் காட்சிகள் சேர்ந்திருக்கும், கதையில் பெரும்பாலும் வேறுபாடு இராது.

15. சோகமா முடியறது எதெதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

முடிவு தெரிய வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். தைவானின் 'ஹிஸ்டரி 3: மேக் அவர் டேஸ் கவுன்ட்' மரணத்தில் முடிகிறது. அதுவரை கலகலப்பாகப் போகும் பள்ளிக்கதை என்பதால் அடி பலமாக விழும், கதையில் அதற்கான தேவையும் இல்லை. திருமணச் சட்டம் வந்த அதே ஆண்டில் இப்படி முடித்ததைப் பலரால் ஏற்க முடியவில்லை. 'அன்டில் வி மீட் அகெய்ன்' மறுபிறவிக் கதை. முற்பிறவியில் குடும்ப எதிர்ப்பால் இருவரும் உயிரை விடும் காட்சி முதல் எபிசோடிலேயே வருகிறது, முடிவு மகிழ்ச்சிதான். மனம் சரியில்லாத நாளில் அதைத் தொடங்காதீர்கள். 'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' நன்றாகவே முடியும். இரண்டாம் பாகமான 'ஐ பிராமிஸ்டு யூ தி மூன்' பாங்காக்கில் உறவு தேய்வதைக் காட்டுகிறது. முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டாலும் கதை முழுமைதான்.

16. பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நல்ல தொடரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

'பிடிச்சிருக்கு' என்று சொல்லிக்கொண்ட பிறகு எத்தனை எபிசோடு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. காதலைச் சொல்வதையே கடைசி எபிசோடுக்குத் தள்ளும் தொடர், சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களை என்ன செய்வதென்று தெரியாத தொடர். 'டுகெதர்' பொய்க் காதலாக இருக்கும் வரை துள்ளல், மெய்யானதும் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 'ஸ்டில் டுகெதர்' என்று ஐந்து எபிசோடு பிறகு வந்தது.

'பேட் படி'யில் மொட்டைமாடி முத்தம் ஐந்தாவது எபிசோடிலேயே வந்துவிடுகிறது. மீதி ஏழு எபிசோடும், இரண்டு வீட்டாருக்கும் தெரியாமல் இந்த உறவைக் காப்பது எப்படி என்பதுதான். தீர்வு என்று பெற்றோரைத் திடீரென்று திருத்திக் காட்டவும் இல்லை. 'வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே?' இன்னும் ஒரு படி மேல். தொடங்கும்போதே ஷிரோவும் கெஞ்சியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மாதம் 25,000 யென்னுக்குள் சாப்பாட்டுச் செலவை நிறுத்தப் பார்க்கும் ஒருவர், விலை கூடின ஐஸ்கிரீம் வாங்கிவந்து மாட்டிக்கொள்ளக்கூடிய இன்னொருவர். காய்கறி எங்கே தள்ளுபடி என்பது அங்கே காதல் வசனம்.

17. 'செர்ரி மேஜிக்' ஜப்பான்ல பாக்கணுமா, தாய்லாந்துல பாக்கணுமா?

இரண்டும் பார்ப்பதென்றால் ஜப்பான் முதலில். தாய்லாந்து வடிவம் 2023 டிசம்பரில் தொடங்கியது, டேயும் நியூவும் நடித்தது, அதே 12 எபிசோடு, ஆனால் ஒவ்வொன்றும் இரட்டிப்பு நீளம். 6ஆம் கேள்வியில் சொன்ன வேறுபாடு அத்தனையும் இதில் அருகருகே தெரியும். ஜப்பானில் குரோசாவாவின் மனக்குரல் சிரிக்க வைக்கும், உடனே அடுத்த காட்சி. தாய்லாந்தில் குரோசாவாவின் இடத்தில் வரும் காரன் அதே ஆசையைப் பாட்டு, கனவு, வேடம் என்று முழுதாக நடித்துக் காட்டுவான்.

மூச்சடக்கிய தவிப்பு வேண்டுமென்றால் ஜப்பான் வடிவம்தான், அடாச்சியாக நடித்த அகசோ எய்ஜியின் கண்ணுக்கு ஈடில்லை. சேர்ந்த பிறகு இருவரும் எப்படி இருக்கிறார்கள், வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க ஆசையென்றால் தாய்லாந்து வடிவத்தில்தான் அதற்கு நேரம் இருக்கிறது. லிஃப்ட் கதவு இங்கே யாரையும் மறைப்பதில்லை.